யாழ்ப்பாணத்துப் பழைய மனைகளும் நினைவுச் சின்னங்களும்: ஒரு சமூகவியல் நோக்கு

ஒரு மக்கட் கூட்டத்தினரின் வரலாறு ஏடுகளிலும் சாசனங்களிலும் மாத்திரம் பொதிந்து கிடப்பதன்று. அவர்கள் எழுப்பிய கோட்டைகளும் கோயில்களும், குடியிருந்த மனைகளும், இளைப்பாறிய மடங்களும் வரலாற்று மூலங்களே. எனினும் நம்மிடையே பழைய கட்டடங்களைப் பற்றிப் பேசுவோர் பலர், அவற்றைக் கட்டுவித்தவர் யார் என்ற வினாவோடு அமைந்துவிடுகின்றனர். கட்டியவர் யார், எவ்வுழைப்பின் மிகை அங்கே கல்லாகவும் சுண்ணாம்பாகவும் உறைந்து நிற்கின்றது, வாயிலைத் தாண்டி உட்புக அனுமதி பெற்றோர் யாவர் என்பன கேட்கப்படாத வினாக்கள். இவ்வினாக்களை முன்வைத்து யாழ்ப்பாணக் குடாநாட்டின் சில மனைகளையும் நினைவுச் சின்னங்களையும் இங்கு நோக்குவோம்.

நல்லூரிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த யாழ்ப்பாண அரசின் தலைநகர் அது. சங்கிலித்தோப்பு வளைவு, மந்திரிமனை, யமுனா ஏரி ஆகிய மூன்றும் அவ்வரசின் எச்சங்களாக மக்களாற் போற்றப்படுகின்றன. ஆயின் இன்று காணப்படும் வளைவிலும் மந்திரிமனையிலும் ஐரோப்பியர் காலக் கட்டட அமைதியே மேலோங்கி நிற்கின்றது. அரசு வீழ்ந்து நெடுங்காலத்தின் பின் எழுந்த ஒரு கட்டடத்தில் அரசனின் அமைச்சரை மக்கள் குடியேற்றியிருப்பதை வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. அரசியல் இழப்புக்கு உள்ளான ஒரு சமூகம், தன் நினைவைச் சார்த்தி வைக்க ஒரு சுவரைத் தேடிய செயல் அது. நினைவின் உண்மை வேறு, கட்டடத்தின் காலம் வேறு. இரண்டையும் வேறுபடுத்தி அறிவதும், இரண்டையும் மதிப்பதும் ஆய்வாளன் கடன்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலும் இவ்வாறே நோக்கத்தக்கது. பழைய கோயில் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது. இன்றைய கோயில் ஒல்லாந்தர் ஆட்சியில், 18ஆம் நூற்றாண்டில், குருக்கள் வளவில் எழுந்தது. அந்நியர் ஆட்சியின் கீழ்ப் பதவியும் நிலமும் பெற்றிருந்த முதலியார் வர்க்கத்தினரின் ஆதரவு அதன் தோற்றத்திற்கு வேண்டியிருந்தது. எனவே அக்கோயிலின் மீளெழுச்சி சமய வரலாற்றின் நிகழ்ச்சி மாத்திரமன்று. குடியேற்ற ஆட்சியோடு இணங்கி வளர்ந்த ஒரு நிலவுடைமைக் குழாத்தின் எழுச்சியையும் அது குறித்து நிற்கின்றது.

போர்த்துக்கேயர் தொடங்கிய யாழ்ப்பாணக் கோட்டையை 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். பின்னர் அதனை ஐங்கோண வடிவில் மீளக் கட்டினர். வெளி அரண்கள் 1792இலேயே நிறைவுற்றன. மூன்றாண்டுகள் கழிந்து, 1795இல், கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கட்டி முடித்த அரண் கட்டியவருக்குப் பயன்படாமற் போனமை வரலாற்றின் எள்ளல் எனலாம். முருகைக் கல்லைப் பெயர்த்தெடுத்துச் சுமந்தோரின் பெயர்கள் அக்கோட்டையில் எங்கும் பொறிக்கப்படவில்லை. ஊழியம் என்ற பெயரில் கூலியின்றிப் பெறப்பட்ட உழைப்பு ஒல்லாந்தர் ஆட்சி முறையின் அடித்தளங்களுள் ஒன்றாக இருந்தது. அதே ஆட்சியே 1707இல் தேசவழமையைத் தொகுப்பித்து, அடிமை முறைக்கும் சட்ட வடிவம் தந்தது. கோட்டையையும் தேசவழமையையும் ஒரே ஆட்சியின் இரு கட்டுமானங்களாக நாம் சேர்த்தே படிக்க வேண்டும்.

இனி மனைகளுக்கு வருவோம். முற்றத்தை நடுவே கொண்டு நாற்புறமும் அறைகளும் விறாந்தைகளும் சூழ அமைந்த நாற்சார் வீடு, யாழ்ப்பாணத்து உடைமை வர்க்கத்தின் வாழ்க்கை நோக்கை அப்படியே காட்டுவது. பனைமரத்து வளைகளும் சிலாகைகளும் கூரையைத் தாங்கின. வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற அதன் அமைப்பின் நுட்பம் பாராட்டுக்குரியதே. ஆனால் அவ்வமைப்பு மனிதரையும் வகைப்படுத்தியது. விறாந்தை வரை வரத்தக்கவர், தலைவாசலைக் கடக்கத்தக்கவர், அடுப்படி வரை செல்லத்தக்கவர், முற்றத்திற்கு வெளியே நின்றே பேச வேண்டியவர் எனச் சாதியின் படிநிலை முழுவதும் அங்கே தூரங்களாக அளக்கப்பட்டிருந்தது. வளவுக் கிணற்றில் வாளியைத் தொட உரிமையற்றவர், யாரேனும் வந்து அள்ளி ஊற்றும்வரை காத்திருந்தனர். வீட்டைத் தாங்கிய பனங்கூடலிலும் புகையிலைத் தோட்டத்திலும் உழைத்தவரும் அவரே. பிறர் நிலத்திற் கிடுகால் வேய்ந்து அவர்கள் வாழ்ந்த குடிசைகளில் ஒன்றுதானும் இன்று எஞ்சவில்லை. எஞ்சியவற்றை மாத்திரம் மரபுரிமை என்று நாம் கொண்டாடும்போது, உடைமை வர்க்கத்தின் நினைவையே முழுச் சமூகத்தின் நினைவாக மயங்கிக் கொள்கிறோம்.

வழிப்போக்கர் ஒதுங்குவதற்காக வாயிலின் மேற் கூரையிட்ட சங்கடப்படலை, சுமையை இறக்கி வைக்கும் சுமைதாங்கி, பருத்தித்துறையில் வீதியின் மேலேயே கூரை கவிந்து நிற்கும் தெருமூடிமடம் ஆகியன இம்மரபின் இன்னொரு பக்கத்தைக் காட்டுவன. சந்தைக்குச் சுமையோடு நடந்தவரின் களைப்பை அறிந்து எழுப்பப்பட்டவை இவை. இவற்றில் வெளிப்படும் மனிதநேயத்தை மறுப்பது இயங்கியல் நோக்கன்று. அதே வேளை, மடத்துத் திண்ணையில் அக்காலச் சமூக விதிகள் எவரை அமர விட்டிருக்கும் என்று கேளாமலிருப்பதும் ஆய்வாகாது.

19ஆம் நூற்றாண்டு புதிய கட்டடங்களைக் கொணர்ந்தது. 1816இல் வந்த அமெரிக்க மிசனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவினர். 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். நெடுங்காலம் அரசாங்க அதிபராயிருந்த டைக் துரையின் பெயரோடு பழைய பூங்கா இன்றும் இணைத்துப் பேசப்படுகின்றது. ஆங்கிலக் கல்வி உருவாக்கிய எழுதுவினைஞர் குழாம் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றது. அங்கிருந்து வந்த பணமும் ஓய்வூதியமும் ஊர்தோறும் ஓட்டுக்கூரை வீடுகளாக எழுந்தன. நிலத்தின் வருவாயிலன்றி, ஏகாதிபத்திய நிருவாகத்தின் சம்பளத்தில் எழுந்த மனைகள் அவை. ஆயினும் சீதனமாகக் கைமாறிய அவ்வீடுகள் பழைய சமூக உறவுகளையே பேணின. உற்பத்தி உறவுகள் மாறாதவிடத்து, புதிய பணம் பழைய படலையையே பூட்டும் என்பதற்கு இது தக்க சான்று.

இப்பின்னணியிலேயே யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் சிறப்பை உணர முடியும். 1933இல் க. மு. செல்லப்பா என்பார் தமது இல்லத்திலிருந்து நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கிய முயற்சியே அதன் வித்து. ஒரு வீட்டின் கதவு பொதுமக்களுக்காகத் திறக்கப்பட்டமை, நாற்சார் வீட்டின் தர்க்கத்திற்கு நேர்மாறான நிகழ்ச்சியாகும். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்த மாளிகை 1959இல் திறந்து வைக்கப்பட்டது. 1981இல் பொலிசாரும் காடையரும் இட்ட தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. பேரினவாதம் ஒரு மக்களின் நினைவையே இலக்காகக் கொண்டது என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டுவதில்லை.

ஆனால் நம் சொந்த வரலாற்றின் மற்றொரு தீயையும் நாம் மறத்தல் தகாது. 1930ஐ அண்டிய ஆண்டுகளில், பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குச் சம ஆசனம் வழங்கப்பட்டமையைப் பொறாதோர் இக்குடாநாட்டிலேயே பாடசாலைகளுக்குத் தீயிட்டனர். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஆலயப் பிரவேசம் கோரி நின்றோர் தாக்கப்பட்டனர். 2003இல், மீளமைக்கப்பட்ட நூலகத்தின் திறப்பு விழா தடைப்பட்டபோது, மாநகர முதல்வர் ஒடுக்கப்பட்ட சமூகத்தவராயிருந்தமையே காரணம் என்ற குற்றச்சாட்டு எழுந்தது, அது மறுக்கவும்பட்டது. மறுப்பு உண்மையாயினும், அக்குற்றச்சாட்டு நம்பத்தக்கதாகத் தோன்றியமையே நம் சமூகத்தைப் பற்றி அதிகம் சொல்கின்றது. அரச வன்முறையையும் உள்ளக ஒடுக்குமுறையையும் நாம் சமப்படுத்தவில்லை. ஒன்றைக் காட்டி மற்றதை மறைப்பதையே மறுக்கிறோம்.

போர் இம்மனைகளிற் பெரும்பகுதியை அழித்தது. 1706இல் எழுந்த கோட்டைத் தேவாலயம் 1990இன் முற்றுகையிற் சிதைந்தது. வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்ட ஊர்களில் வீடுகள் தரைமட்டமாயின. போருக்குப் பின் கோட்டையின் மதில்கள் திருத்தப்பட்டன. எதனை மீளக் கட்டுவது என்ற தெரிவும் ஓர் அரசியலே என்பதை இது நினைவூட்டுகின்றது. எனவே நாம் தொகுக்க வேண்டிய மரபுரிமைப் பட்டியலில், மந்திரிமனையோடும் கோட்டையோடும், எரியுண்ட பாடசாலைகள் நின்ற நிலங்களும் மாவிட்டபுரத்து வாயிலும் தண்ணீருக்காகக் காத்து நின்ற கிணற்றடிகளும் இடம்பெற வேண்டும். அங்கே சுவர்கள் இல்லாதிருக்கலாம். ஆனால் இம்மண்ணின் சுவர்களையெல்லாம் எழுப்பியவர்கள் நின்ற இடங்கள் அவை.