பின்னி ஆலை

பொதுவழக்கில் பின்னி ஆலை எனப்படும் பக்கிங்காம் கர்னாட்டிக் ஆலை, வட சென்னையின் பெரம்பூர், பட்டாளம் பகுதியில் இயங்கிய பஞ்சாலை ஆகும். பின்னி நிறுவனம் இதனை நிர்வகித்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகக் கருதப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் இவ்வாலைத் தொழிலாளர்களை மையமாகக் கொண்டே உருவானது.

தோற்றம்

பக்கிங்காம் ஆலை 1876 ஆம் ஆண்டிலும் கர்னாட்டிக் ஆலை 1881 ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டன. இவை 1920 இல் ஒரே நிறுவனமாக இணைக்கப்பட்டன. இங்கு நெய்யப்பட்ட காக்கித் துணி இராணுவச் சீருடைகளுக்குப் பயன்பட்டது.

பணிநிலை

பள்ளிக்கூடம், மருத்துவ வசதி, குடியிருப்பு போன்ற நலத்திட்டங்களுக்கு இவ்வாலை பெயர் பெற்றிருந்தது. அக்காலத்தில் பல ஆலைகளில் இவை இல்லை. ஆயினும் இவை நிர்வாகம் விரும்பி அளித்த சலுகைகளே. தொழிலாளர் கேட்டுப் பெறக்கூடிய உரிமைகள் அல்ல. 1911 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பஞ்சாலைகளில் ஆடவருக்கு நாளொன்றுக்கு 12 மணி நேர வேலையை அனுமதித்தது. குறுகிய உணவு இடைவேளை, மேலாளர்களின் கடுமை, முதல் உலகப் போர்க்கால விலையேற்றம் ஆகியன அதிருப்தியை வளர்த்தன.

சங்கமும் வழக்கும்

செல்வபதி செட்டியார், இராமானுசுலு நாயுடு ஆகியோரின் முயற்சியால் 1918 ஏப்ரல் 27 அன்று சங்கம் நிறுவப்பட்டது. பி. பி. வாடியா தலைவரானார், திரு. வி. க. துணைத்தலைவர்களுள் ஒருவர். 1920 இறுதியில் கதவடைப்பு நிகழ்ந்தபோது நிறுவனம் சங்கத் தலைவர்கள் மீது இழப்பீடு கோரி வழக்குத் தொடுத்தது. சென்னை உயர் நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தடையாணை வழங்கியது. வாடியா சங்கத்தை விட்டு விலகவேண்டும் என்ற நிபந்தனையுடன் வழக்கு முடிவுக்கு வந்தது. இத்தகைய வழக்குகளிலிருந்து பதிவு பெற்ற சங்கங்களுக்கு 1926 ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் பாதுகாப்பு அளித்தது.

1921 வேலைநிறுத்தம்

1921 ஆம் ஆண்டின் நடுவில் தொடங்கிய வேலைநிறுத்தம் அக்டோபர் வரை நீடித்தது. எம். சி. ராஜாவின் அறிவுரைப்படி ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குச் சென்றனர். இதனால் எழுந்த பிளவு, புளியந்தோப்பில் சாதிக் கலவரமாக மாறியது. ஆகஸ்ட் 29 அன்று காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் உயிரிழப்புகள் ஏற்பட்டன. வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. ஒரே ஆலையில் உழைத்தோரைச் சாதி பிரித்தது இத்தோல்விக்கு ஒரு முக்கியக் காரணமாகும்.

மூடல்

நெடுங்கால நட்டத்திற்குப் பின் ஆலை 1996 இல் மூடப்பட்டது. ஆலையை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் பிழைப்பை இழந்தன. சங்கம் பெற்றுத் தந்த உரிமைகளாலும் அவ்வேலைகளைக் காக்க இயலவில்லை. வெறிச்சோடிய ஆலைக் கட்டடங்கள் பின்னர்த் திரைப்படப் படப்பிடிப்புகளுக்குப் பயன்பட்டன.