உண்மை என்று போட்டிருந்த பக்கம்

டான் பிரவுனின் 'தி டாவின்சி கோட்' 2003-இல் வெளிவந்தது. இன்றைக்கும் புத்தகம் படிக்கிற நாலு பேர் கூடினால் அதைப் பற்றி ஒரு சண்டை வந்துவிடுகிறது. ஒருவர் "பயங்கரமான ஆராய்ச்சிப்பா, எவ்வளவு படிச்சிருப்பான் மனுஷன்" என்பார். இன்னொருவர் "எல்லாம் டுபாக்கூர்" என்பார். மூன்றாவதாக ஒருவர் சமாதானம் பண்ண வருவார்: "கதைதானே, விடுங்க." எனக்குப் பிரச்சனையே இந்த மூன்றாவது ஆளோடுதான். கதை என்றால் கதை என்று விட்டுவிடலாம். ஆனால் அந்த நாவலின் முதல் அத்தியாயத்துக்கு முன்னால் 'உண்மை' என்று தலைப்புப் போட்டு ஒரு பக்கம் இருக்கிறதே, அதை என்ன செய்வது?

அந்தப் பக்கம் சொல்வது இதுதான். 'பிரையரி ஆஃப் சயோன்' என்ற ரகசியச் சங்கம் 1099-இல் தொடங்கப்பட்ட நிஜ அமைப்பு. அதன் உறுப்பினர் பட்டியல் அடங்கிய ஆவணங்கள் 1975-இல் பாரிஸ் தேசிய நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டன. நியூட்டன், விக்டர் ஹியூகோ, லியோனார்டோ டாவின்சி எல்லாரும் அதில் இருக்கிறார்கள். கூடவே, நாவலில் வரும் கலைப்பொருள், கட்டடம், ஆவணம், ரகசியச் சடங்கு பற்றிய வர்ணனைகள் எல்லாம் துல்லியமானவை என்ற உத்தரவாதமும் உண்டு.

நான் வேலை செய்கிற துறையில் ஒரு குழாய் வந்து இறங்கினால் கூடவே ஒரு சான்றிதழ் வரும். காகிதம் இருக்கிறது என்பதற்காக யாரும் குழாயைப் பொருத்திவிட மாட்டார்கள். காகிதத்தில் இருக்கும் எண்ணும் குழாயில் குத்தியிருக்கும் எண்ணும் ஒன்றா, அந்த எண் எந்த உருக்காலையிலிருந்து வந்தது என்று பின்னாலேயே போய்ப் பார்ப்பார்கள். டான் பிரவுன் காட்டும் சான்றிதழையும் அப்படிப் பின்தொடர்ந்து போகலாம்.

தெற்கு பிரான்சில் ரென்-லெ-ஷத்தோ என்று ஒரு மலைக்கிராமம். 1885-இல் பெரான்ஜே சோனியே என்ற பாதிரியார் அங்கே பங்குக் குருவாக வந்தார். கொஞ்ச வருஷத்தில் தேவாலயத்தைப் புதுப்பித்தார், வில்லா கட்டினார், கோபுரம் கட்டினார். ஏழை ஊர்ப் பாதிரியாருக்கு ஏது இவ்வளவு பணம்? பதில் ரொம்பச் சாதாரணம். மறைமாவட்ட விசாரணையில் வெளிவந்தபடி, பல ஊர்களிலிருந்து தபாலில் பூசைக் காணிக்கை வாங்கியிருக்கிறார். ஒரு மனிதர் நிறைவேற்ற முடியாத எண்ணிக்கையில் பூசைகளுக்குப் பணம் வந்திருக்கிறது. 1917-இல் இறந்துபோனார். நாவலின் தொடக்கத்தில் கொலையாகும் லூவ்ர் அருங்காட்சியக அதிகாரிக்கு இவருடைய பெயர்தான் வைக்கப்பட்டிருக்கிறது.

பிற்பாடு சோனியேயின் சொத்து நோயல் கோர்பு என்பவர் கைக்கு வந்தது. 1950-களில் அந்த வில்லாவில் ஓட்டல் நடத்தினார். மலை உச்சியில் யார் வந்து சாப்பிடுவார்கள்? 1956-இல் பாதிரியார் புதையல் எடுத்த கதையை ஒரு நாளிதழுக்குச் சொன்னார். கூட்டம் வர ஆரம்பித்தது.

அதே 1956-இல், நாட்டின் இன்னொரு கோடியில், சுவிஸ் எல்லைக்குப் பக்கத்தில், பியேர் பிளாந்தார் என்பவர் சில நண்பர்களோடு ஒரு சங்கத்தைப் பதிவு செய்தார். பெயர் 'பிரையரி ஆஃப் சயோன்'. சயோன் என்பது ஜெருசலேம் இல்லை, பக்கத்தில் இருந்த ஒரு குன்றின் பெயர். சங்கத்தின் இதழ் குறைந்த வாடகைக் குடியிருப்புப் பிரச்சனைகளைப் பேசியது. 1099-இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் சங்கத்தின் பிறப்புச் சான்றிதழ் இதுதான்.

பிளாந்தாருக்குத் தன்னைப் பழைய மெரோவிஞ்சிய அரச வம்சத்தின் வாரிசாகக் காட்டிக்கொள்ள ஆசை. 1960-களில் போலி வம்சாவளிகளையும் உறுப்பினர் பட்டியலையும் தயாரித்துப் பாரிஸ் தேசிய நூலகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நண்பர் ஃபிலிப் தெ ஷெரிசே 'பழைய' தோல்சுவடிகளை உருவாக்கிக் கொடுத்தார். கோர்புவின் புதையல் கதையோடு இதையெல்லாம் சேர்த்து ஜெரார் தெ செத் 1967-இல் ஒரு புத்தகம் எழுதினார். ஆக, நூலகத்தில் யாரும் எதையும் கண்டெடுக்கவில்லை. வைத்தவர்களுக்கு அது எங்கே இருக்கிறது என்று நன்றாகவே தெரியும்.

தெ செத்தின் புத்தகத்தை விடுமுறையில் படித்த ஆங்கில எழுத்தாளர் ஹென்றி லிங்கன், பிபிசிக்கு 1970-களில் மூன்று ஆவணப்படங்கள் செய்தார். பிறகு மைக்கேல் பேஜென்ட், ரிச்சர்ட் லீ இருவரோடு சேர்ந்து 1982-இல் 'தி ஹோலி பிளட் அண்ட் தி ஹோலி கிரெய்ல்' எழுதினார். இயேசுவுக்கும் மகதலேனா மரியாளுக்கும் வாரிசு உண்டு, அந்த ரத்தம்தான் மெரோவிஞ்சிய வம்சத்தில் கலந்தது என்ற ஊகத்தைப் பிளாந்தாரின் கதையோடு சேர்த்துக் கட்டியது இந்த மூவர்தான். பிளாந்தாரே இதை ஏற்கவில்லை. 1993-இல் ஒரு பிரெஞ்சு நீதிபதி அவரைக் கூப்பிட்டு விசாரித்தபோது, சங்கத்தின் கதை தன் கற்பனை என்று ஒப்புக்கொண்டார். நாவல் வெளிவந்தது அதற்குப் பத்து வருஷம் கழித்து.

இந்தச் சங்கிலியில் முழுக் கதையையும் ஒரே ஆள் இட்டுக்கட்டவில்லை. ஓட்டல்காரர் வியாபாரத்துக்கு ஒரு புதையலைச் சேர்த்தார். பிளாந்தார் பெருமைக்கு ஒரு வம்சத்தைச் சேர்த்தார். அந்த மூவரும் இயேசுவைச் சேர்த்தார்கள். ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் இருந்தவர் சொன்னதைத் தேவைக்கு எடுத்துக்கொண்டார்கள். கடைசியாக டான் பிரவுன் வந்து 'உண்மை' என்று முத்திரை குத்தினார்.

இதற்கு ஒரு நீதிமன்றக் கிளைக்கதையும் உண்டு. தங்கள் புத்தகத்தின் மையக் கருவைத் திருடிவிட்டார்கள் என்று பேஜென்டும் லீயும் லண்டனில் பதிப்பகத்தின்மேல் வழக்குப் போட்டார்கள். லிங்கன் சேரவில்லை. 2006 ஏப்ரலில் தோற்றார்கள், அடுத்த வருஷம் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். எழுத்துக்குக் காப்புரிமை உண்டு, பொதுவான கருத்துக்குக் கிடையாது. அவர்கள் நிலைமை பரிதாபமானது. தாங்கள் எழுதியது வரலாறு என்று சொன்னால் வரலாறு யார் சொத்தும் இல்லை. சொத்து என்று வாதாட வேண்டுமானால் அதைக் கற்பனை என்று ஒத்துக்கொண்டிருக்க வேண்டும்.

"நாவலில் தப்பு இருந்தா என்ன, அதான் நாவலாச்சே" என்ற வாதத்தில் எனக்குப் பாதி உடன்பாடு. லூவ்ர் பிரமிடில் 666 கண்ணாடி என்று ஒரு பாத்திரம் நினைத்துக்கொள்ளலாம். நிஜத்தில் 673. அதனால் கதைக்கு ஒன்றும் ஆகிவிடாது. 325-இல் நடந்த நைசியா மாநாட்டில் இயேசுவின் தெய்வத்தன்மை நெருக்கமான வாக்கெடுப்பில் தேறியது என்று இன்னொரு பாத்திரம் அடித்துவிடுகிறது. சுமார் முந்நூறு ஆயர்களில் கடைசிவரை கையெழுத்துப் போட மறுத்தவர்கள் இரண்டே பேர். பாத்திரங்கள் பொய் சொல்லலாம், உளறலாம். ஆனால் 'உண்மை' என்ற பக்கத்தில் பேசுவது பாத்திரம் இல்லை, ஆசிரியர். அங்கே நாவலுக்கான சலுகையைக் கேட்க முடியாது.

இது ஏதோ வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று மலேசியத் தமிழர்கள் நாம் தள்ளிவிட முடியாது. சாண்டில்யனின் 'கடல் புறா' படித்து வளர்ந்த தலைமுறை நம் வீடுகளில் இருக்கிறது. கருணாகரத் தொண்டைமான் கலிங்கப் போரின் தளபதியாக இலக்கியத்தில் இருக்கிறார். அவருடைய கடல் சாகசங்கள் சாண்டில்யன் தந்தவை. ராஜேந்திர சோழன் கடாரத்தை வென்றதாகத் தஞ்சைக் கல்வெட்டு சொல்கிறது. பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கட்டட எச்சங்களும், சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய தடயங்களும் கிடைத்திருக்கின்றன. கல்வெட்டு, மண்ணில் கிடைத்தது, நாவல் ஆகிய மூன்றும் நம் மேடைப்பேச்சில் ஒரே மூச்சில் கலந்து வருகின்றன. நாவலில் வந்ததைச் சாட்சியாக நீட்டினால், எதிரில் இருப்பவர் அதைத் தட்டிவிடும்போது கல்வெட்டும் சேர்ந்தே கீழே விழும். இந்த நாட்டில் நம்முடைய பழைய தடங்களைப் பற்றிப் பேசும்போது அந்த நஷ்டம் நமக்குக் கட்டுப்படியாகாது.

'கடல் புறா'வை ரசித்துப் படியுங்கள். 'தி டாவின்சி கோட்'டையும் ஒரே ராத்திரியில் முடியுங்கள், அந்த வேகம் டான் பிரவுனுக்கு நன்றாக வருகிறது. அடுத்த நாள் யாரிடமாவது "அது நிஜமாவே நடந்ததாம்" என்று சொல்லக் கிளம்புகிறபோது மட்டும், அந்தக் காகிதத்தை நூலகத்தில் வைத்தது யார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.