12-உம் 16-உம்: விடலைக் காதலும் தமிழ்ச் சிறுகதையும்

கண்ணகிக்கு வயது 12, கோவலனுக்கு 16. சிலப்பதிகாரம் தருகிற கணக்கு இது. இறையனார் களவியல் உரையும் தலைவிக்கும் தலைவனுக்கும் இதே வயதைத்தான் சொல்கிறது. எம்.ஏ. வகுப்பில் இதை 'மரபு' என்று ஒரே சொல்லில் தாண்டிப் போனார்கள். எனக்கு அது அப்படித் தாண்டிப் போகிற விஷயமாகப் படவில்லை. விடலைப் பருவத்துக் காதலை இவ்வளவு காலம் பாடிய மொழியில், அந்த வயசுக்காரர்களையே வாசகராக வைத்து எழுதிய காதல் சிறுகதை ஏன் ஒரு வகைமையாக நிலைபெறவில்லை? சாதி, குடும்பம், சட்டம் என்ற மூன்றும் அந்த வயதின் மேல் செலுத்தி வந்த அதிகாரத்தோடு சேர்த்துத்தான் இதை யோசிக்க முடியும்.

தொல்காப்பியர் காதலை வகை பிரித்தவர். ஒருதலைக் காமம் கைக்கிளை, பொருந்தாக் காமம் பெருந்திணை, ஒத்த அன்பு ஐந்திணை. அடியோரும் வினைவலரும் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தப்படுகிறார்கள். ஒத்த அன்புக்கு அவர் தருகிற பத்துப் பொருத்தங்கள் பிறப்பு, குடிமை என்று தொடங்குகின்றன. வயது நாலாவதாக வருகிறது. காதலின் பல வடிவங்களுக்குப் பெயர் வைத்த அதே இலக்கணம்தான் எது உயர்ந்தது, எது யாருக்கு உரியது என்று வரிசையும் கட்டியது.

நவீன காலத்தில் இந்த வரிசை சட்டத்தின் மொழிக்கு மாறுகிறது. 1891இல் சம்மத வயது 10இலிருந்து 12 ஆனபோது, பால்ய விவாகத்தை சாஸ்திரம் என்றவர்களும் கொடுமை என்றவர்களும் மோதிக்கொண்டார்கள். 1929இல் சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதை 14 ஆக்கியது. இரண்டு சட்டங்களுக்கும் இடையில் வருகிறது வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' (1915). சின்னப் பெண் ருக்மிணிக்கும் நாகராஜனுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. அவள் அப்பா சொத்தை இழந்ததும் மாமனார் வீடு அவளைத் தள்ளிவைத்து, மகனுக்கு இன்னொரு பெண் பார்க்கிறது. நாகராஜன் உள்ளுக்குள் என்ன நினைக்கிறான் என்பது அரசமரத்துக்குத் தெரியும். ருக்மிணிக்குத் தெரியாமல் போகிறது. அவள் குளத்தில் விழுந்து சாகிறாள். கதை யாரை நோக்கிப் பேசுகிறது என்று பாருங்கள். பெற்றோரை, மாமனார் மாமியாரை, கணவன்மாரை. ருக்மிணி வயசுப் பெண்ணை எதிரே உட்காரவைத்து அது பேசவில்லை. அவள் சீர்திருத்தத்துக்கான சாட்சியாக மட்டும் வருகிறாள்.

பிறகு பத்திரிகைகள் பெருகின. 'அம்புலிமாமா' 1947இல் வந்தது, ஆர்வியின் 'கண்ணன்' 1950இல். இவை குழந்தைகளுக்குச் சாகசமும் நீதியும் கொடுத்தன. அந்தப் பக்கம் பெரியவர்களின் வாரப் பத்திரிகைகளில் தொடர்கதைக் காதல். நடுவில் இருந்த 15 வயசுக்காரர்கள் பெரியவர் பத்திரிகையைத் திருட்டுத்தனமாகப் படித்தார்கள். 1966இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' வந்தபோது நடந்த சர்ச்சையும் பெரியவர்களுடையதே. அந்த மாணவியின் தலையில் தண்ணீர் ஊற்றி அம்மா அவளைச் சுத்தமாக்கியது சரியா தப்பா என்று சண்டை. அவள் என்ன உணர்ந்தாள் என்பது சண்டையில் பின்னுக்குப் போய்விட்டது.

ஆனால் காதல் என்ற சொல்லை ஆண்-பெண் ஜோடியிலிருந்து கொஞ்சம் விடுவித்துப் பார்த்தால், நம் சிறுகதையில் வேறொரு வரிசை தெரிகிறது. கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' கதையில் சாரங்கராஜன் என்கிற பையன் கேட்பது மற்றப் பிள்ளைகளுக்குக் கிடைத்த அதே பிரியத்தை. கி. ராஜநாராயணனின் 'கன்னிமை'யில் தம்பி கொண்டாடிய அக்கா, கல்யாணத்துக்குப் பிறகு வேறொருத்தி ஆகிவிடுகிறாள். அம்பையின் 'அம்மா ஒரு கொலை செய்தாள்' கதையில் வயதுக்கு வந்த பெண் தன் குரலிலேயே பேசுகிறாள். அவள் காத்திருந்தது அம்மாவின் ஒரு நல்ல வார்த்தைக்கு, வந்தது வேறு. தமிழில் விடலைப் பருவத்து அன்பைப் பற்றிய உண்மையான கதைகள் இவை என்பேன். இவற்றை எந்தப் பதிப்பாளரும் இளையோர் வரிசையில் வைக்க யோசிப்பதில்லை.

இது வெறும் இலக்கியக் குறை என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். 2012இல் போக்சோ சட்டம் சம்மத வயதை 18 ஆக்கியது. குழந்தைகள் மேலான வன்முறைக்கு எதிராக அந்தச் சட்டம் தேவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் சாதி மீறிக் காதலிச்ச 17 வயசுப் பொண்ணோட வீட்டார் கையில் அதுவே ஆயுதமாகவும் ஆகிறது. இளம் பருவத்தினரின் ஒருமித்த காதலைத் தண்டிப்பது சட்டத்தின் நோக்கமல்ல என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றமே ஒரு வழக்கை ரத்து செய்து சொல்லவேண்டி வந்தது. அதே 2012இல் இமையத்தின் 'பெத்தவன்' வெளிவந்தது. சில வாரங்களில் தருமபுரியில் தலித் குடியிருப்புகள் எரிந்தன. 2013 ஜூலையில் இளவரசன் ரயில் பாதையோரம் பிணமாகக் கிடந்தார். தொல்காப்பியரின் பட்டியலில் முதலில் நின்ற பிறப்பு இன்னும் முதலில்தான் நிற்கிறது.

கைக்கிளையும் போய்விடவில்லை. வேண்டாம் என்று சொன்ன பெண்ணைத் துரத்துகிறவனை நம் சினிமா நாயகனாக்கியது. மறுத்த குற்றத்துக்காக 2012இல் காரைக்காலில் வினோதினி மேல் ஆசிட் வீசப்பட்டது. மறு ஆண்டு அவர் இறந்தார். மறுப்பை வாங்கிக்கொண்டு, அழுது, எழுந்து பள்ளிக்கூடம் போகிற ஒரு பையனின் கதை நம்மிடம் இருக்கிறதா? 377ஆம் பிரிவு வயது வந்தோரின் ஒருபால் உறவைக் குற்றம் என்று சொல்வதை உச்ச நீதிமன்றம் 2018இல் நிறுத்தியது. சக மாணவியை நேசிக்கிற பத்தாம் வகுப்புப் பெண் தன்னைப் பார்த்துக்கொள்ள ஒரு கதை வேண்டாமா?

அண்மையில் சிறார் இலக்கியத்தில் அசைவு உண்டு. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' தவறான தொடுதலைப் பற்றிக் குழந்தைகளிடமே நேரடியாகப் பேசியது. 2020இல் பால சாகித்ய விருதும் பெற்றது. முக்கியமான காரியம். ஆனால் உடல் நம் பிள்ளைகளின் கதைக்குள் ஆபத்தாக மட்டுமே நுழைந்தால் போதுமா? அது சந்தோஷமாக, குழப்பமாக, வெட்கமாக நுழைவதற்கு இடம் வேண்டும்.

நம்மில் கதை எழுதுகிறவர்கள் நிறையப் பேர். இயக்க வேலையில் இருக்கிறவர்களுக்கு அந்த வயசுப் பிள்ளைகளைத் தெரியும், அவர்களுடைய வீடுகளையும் தெரியும். 'அன்பளிப்பு', 'கன்னிமை', 'அம்மா ஒரு கொலை செய்தாள்' மூன்றையும் முன்னால் வைத்து, இல்லாத கதைகளை எழுதிச் சேர்த்து ஒரு தொகுப்புப் போட முடியும். பெற்றோரைத் திருத்தவோ பிள்ளைகளைப் பயமுறுத்தவோ அது வேண்டியதில்லை. 15 வயசில் ஒருத்தி அதை ஒளித்துவைக்காமல் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வாசிக்கணும். அதுக்கு எந்தெந்த வீட்டில் எதிர்ப்பு வரும், எப்படிப் பதில் சொல்வது என்பதையும் சேர்த்தே நாம் பேசியாக வேண்டும்.