குருதியின் ஓசை

திருத்தணி மலையின் 365 படிகளில், முதல் முடியிறக்கக் கைக்குழந்தையை ஏந்தி ஏறும் தாயரைக் காண்கிறோம். தமிழிலும் தெலுங்கிலும் அவர்கள் சொல்லும் கொஞ்சுமொழிகளுள் குழந்தை நலமே பிறந்தது என்னும் நன்றியும் ஒலிக்கிறது. பிறக்கும் முன்னரே ஓர் உயிரின் இன்னலை அறிய மனிதன் கற்றுக்கொண்ட வரலாறு சிந்திக்கத்தக்கது.

1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று இளம்பெண்கள் பேறுகாலத்தில் மாண்டனர். உதவி தேடி வந்த கணவர்மார், ஆண் மருத்துவர் தம் மனைவியரைப் பார்க்க இசையவில்லை. அவர்கள் அழைத்த ஐடா ஸ்கடரோ அன்று மருத்துவம் பயிலாதவர். அவருடைய தந்தையே மருத்துவர். அவ்விரவு அவர் வாழ்வைத் திருப்பியது. 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு அவர் தொடங்கிய பணியே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது.

கருவிலுள்ள குழந்தையைச் செவியால் அறியும் முயற்சி அதனினும் மூத்தது. 1821இல் பிரான்சில் கெர்கராடெக், தாயின் வயிற்றில் குழல் வைத்துச் சிசுவின் இதயத்துடிப்பைக் கேட்டதை அறிவித்தார். 1842இல் பிராக் நகரில் கிறிஸ்டியன் டாப்ளர், நெருங்கும் பொருளின் அலையும் விலகும் பொருளின் அலையும் வேறுபடும் என்று விண்மீன்களை முன்னிட்டு உரைத்தார். 1845இல் ஹாலந்தில் பாய்ஸ் பாலட், ஓடும் இரயிலில் எக்காளம் ஊதச்செய்து ஒலியில் அதனை மெய்ப்பித்தார். அவ்விதியே 1977இல் டப்ளினில் ஃபிட்ஸ்ஜெரால்டு, டிரம் ஆகியோரால் மீயொலியின் துணையோடு தொப்புள்கொடியின் குருதியை ஆராயப் பயன்பட்டது.

சிசுவின் இதயம் சுருங்கும்போது மட்டுமன்று, தளரும் நொடியிலும் குருதி நஞ்சுக்கொடியை நோக்கி ஓட வேண்டும். நஞ்சுக்கொடி பழுதுற்றால் அவ்வோட்டம் குறையும், பின்பு நிற்கும், முற்றினால் திரும்பியும் ஓடும். இது தீர்ப்பன்று, எச்சரிக்கை. எப்போது மகப்பேறு நிகழச் செய்வது, சிசுவின் நுரையீரல் முதிரத் தாய்க்கு ஊசி இடுவதா, எந்த மருத்துவமனைக்கு அனுப்புவது என்று முடிவுசெய்ய அது நாள்களைத் தருகிறது. இடர்மிகுந்த கர்ப்பங்களில் இச்சோதனை சிசு மரணத்தைக் குறைப்பதாக ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. இடரற்றவற்றில் அப்பயன் நிறுவப்படவில்லை.

அதே ஸ்கேன் திரையில் பெண் சிசுவைத் தேடி அழித்தவர்களும் உண்டு. அதைத் தடுக்க 1994இல் நாடு சட்டம் இயற்ற நேர்ந்தது. உயிரைக் காக்கவே கற்ற கலைக்கு இதனினும் பெரிய இழுக்கில்லை.

திண்டிவனத்தில் அன்று மருத்துவர் இல்லாமலில்லை. அவர் திறன் அப்பெண்களைச் சென்றடைய வழக்கம் விடவில்லை. நம்மிடமும் வழக்கங்கள் உண்டு. தலைப்பிரசவத்திற்கு மகள் தாய்வீடு செல்கிறாள். 1960இல் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தபோது எல்லை மாறியது; உறவுகள் மாறவில்லை. எனவே தாய்வீடு நகரியிலோ புத்தூரிலோ இருக்கலாம். வளையலும் சீரும் மறவாமல் எடுத்துவைக்கும் நாம், அவளுடைய ஸ்கேன் தாள்களையும் உடன் அனுப்புகிறோமா? பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள் என்று மருத்துவர் சொன்னால், நல்ல நாள் பார்க்காமல் அன்றே புறப்படுகிறோமா? குருதியின் ஓசையைக் கருவி கேட்டுச் சொல்லும். அதன்பின் நடக்கவேண்டியது வீட்டாரின் கையில் இருக்கிறது.