நாலு பேர், நாற்பது வருஷம்

எங்கள் ப்ராஜெக்ட் குழுவில் நாலு பேர். மூன்றாவது வாரமே இருவர் பேசிக்கொள்வதில்லை. நாலாவது ஆள் யாரென்று எனக்கே சந்தேகம் :-) அந்தக் கடுப்பில் இருந்தபோதுதான் அமேடியஸ் குவார்டெட் பற்றிப் படித்தேன். நாலே பேர், நாற்பது வருஷம், ஒரு ஆள்கூட மாறவில்லை!

முதலில் ஒரு சின்ன விளக்கம். ஸ்ட்ரிங் குவார்டெட் என்றால் இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. வியோலா வயலினைவிடக் கொஞ்சம் பெரியது, குரலும் கனமானது. ஆர்க்கெஸ்ட்ராவில் குச்சியோடு நிற்பாரே கண்டக்டர், அவர் இங்கே கிடையாது. எந்த இடத்தில் வேகம், எந்த இடத்தில் மெதுவாக என்று நாலு பேரும் சண்டை போட்டு முடிவு செய்தாக வேண்டும். அதனால்தான் பல குழுக்களில் ஆள் மாறிக்கொண்டே இருக்கிறது. 1917ல் ஹங்கேரிக்காரர்கள் தொடங்கிய புடாபெஸ்ட் குவார்டெட்டில் கடைசியில் ஒரு ஹங்கேரிக்காரர்கூட இல்லை!

சரி, கதைக்கு வருவோம்.

1938ல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினார். வியன்னாவில் வயலின் கற்றுக்கொண்டிருந்த மூன்று யூதப் பையன்கள் இங்கிலாந்துக்குத் தப்பி வந்தார்கள். நார்பர்ட் பிரைனின், பீட்டர் ஷிட்லாஃப், சிக்மண்ட் நிஸ்ஸல். அப்போது ஒருவருக்கொருவர் அறிமுகம் இல்லை.

1940ல் பிரிட்டனுக்கு ஜெர்மன் படையெடுப்பு பயம். ஜெர்மன், ஆஸ்திரிய பாஸ்போர்ட் வைத்திருந்த ஆயிரக்கணக்கானவர்களை 'எதிரி நாட்டவர்' என்று முகாம்களில் அடைத்தார்கள். ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த யூதர்களும் அதில் அடக்கம். கொடுமையைப் பாருங்கள், யாருக்குப் பயந்து ஓடி வந்தார்களோ அவர்களுடைய ஆள் என்று சந்தேகம்! அப்போது பிரைனினுக்கு 17 வயது. அவர் ஷிட்லாஃபைச் சந்தித்தது அப்படி ஒரு முகாமில்தான். பிறகு மேன் தீவில் இருந்த முகாமில் ஷிட்லாஃபும் நிஸ்ஸலும் நண்பர்கள் ஆனார்கள்.

வெளியே வந்தபிறகு மூவரும் மாக்ஸ் ராஸ்டல் என்ற வயலின் ஆசிரியரிடம் சேர்ந்தார்கள். அவரும் அகதியாக வந்தவர்தான். இவர்களிடம் ஃபீஸ் வாங்காமல் சொல்லிக்கொடுத்தார். லண்டனில் பிறந்த மார்ட்டின் லவெட் என்ற செல்லோக்காரர் நாலாவதாகச் சேர்ந்தார். மூன்று பேரும் வயலின்காரர்கள், குவார்டெட்டில் இருப்பதோ இரண்டு வயலின் இடம். ஷிட்லாஃப் விட்டுக்கொடுத்து வியோலாவுக்கு மாறினார். எங்கள் குழுவில் இது நடக்குமா? சான்ஸே இல்லை!

1947ல் 'பிரைனின் குவார்டெட்' என்ற பெயரில் டார்ட்டிங்டனில் வாசித்தார்கள். கேட்டு வியந்த இமோஜன் ஹோல்ஸ்ட் (இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்டின் மகள்) லண்டன் விக்மோர் ஹாலில் கச்சேரி நடத்தப் பணம் கொடுத்தார். 1948 ஜனவரி 10 அன்று, மோட்ஸார்ட்டின் நடுப்பெயரான 'அமேடியஸ்' என்ற புதுப் பெயரோடு அங்கே மேடை ஏறினார்கள். அதன்பிறகு ஏறுமுகம்தான். உலகம் சுற்றினார்கள், ஏராளமான இசைத்தட்டுகள் கொடுத்தார்கள். அவற்றில் பெரும்பகுதியை வெளியிட்டது டாய்ச்ச கிராமஃபோன் என்ற ஜெர்மன் நிறுவனம். தங்களைத் துரத்திய மொழிக்காரர்களின் ஊர்களுக்கே போய் பீத்தோவனும் ஷூபர்ட்டும் வாசித்தார்கள்.

குறை சொன்னவர்களும் உண்டு. புதிய இசையை அதிகம் தொடவில்லை என்றார்கள். ஆனால் பெஞ்சமின் பிரிட்டன் தன் மூன்றாவது குவார்டெட்டை இவர்களுக்காகத்தான் எழுதினார். 1976 செப்டம்பரில், நோயாளியாக இருந்த அவருடைய வீட்டுக்கே போய் வாசித்துக் காட்டினார்கள். டிசம்பர் 4ல் அவர் இறந்துவிட்டார். 15 நாள் கழித்து அதை முதன்முதலாகப் பொதுமேடையில் வாசித்தார்கள்.

1987 ஆகஸ்டில் ஷிட்லாஃப் திடீரென்று இறந்தார். உலகத்தில் நல்ல வியோலாக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. கூப்பிட்டால் யார் வேண்டுமானாலும் ஓடி வந்திருப்பார்கள். மற்ற மூவரும் யாரையும் கூப்பிடவில்லை. குவார்டெட்டை அத்தோடு கலைத்துவிட்டு, இளம் குழுக்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனார்கள்.

இது சரியா? 1946ல் தொடங்கிய ஜூலியார்ட் குவார்டெட் ஆட்களை மாற்றி மாற்றி, ஸ்தாபகர்கள் எல்லாரும் போனபின்னும் வாசித்தது. அதில் தப்பில்லை, ஒரு நல்ல அமைப்பு ஆட்களைத் தாண்டியும் நிற்க வேண்டும் என்பது நியாயமான வாதம்தான். ஆனால் முள்வேலிக்குள் கிடைத்த நண்பனின் நாற்காலியில் இன்னொருவரை உட்காரவைக்க இவர்களால் முடிந்திருக்குமா? என்னால் இந்த மூவரைக் குறை சொல்ல முடியவில்லை.

பிரைனின் 2005லும் நிஸ்ஸல் 2008லும் மறைந்தார்கள். கடைசியாக லவெட், 2020ல்.

கேட்டுப் பார்க்க ஆசையா? ஹேடனின் 'எம்பரர்' குவார்டெட்டில் இவர்கள் வாசித்த இரண்டாம் பகுதியில் ஆரம்பியுங்கள். அந்த மெட்டை ஹேடன் புனித ரோமானியச் சக்கரவர்த்திக்காக 1797ல் போட்டார். இன்று ஜெர்மனியின் தேசிய கீதம் அதே மெட்டுதான். வாசிப்பவர்களில் மூன்று பேர் எங்கிருந்து, எப்படித் துரத்தப்பட்டவர்கள் என்பதை நினைத்துக்கொண்டு கேளுங்கள்.

நான் நாளைக்கு அந்த நாலாவது ஆளைத் தேடிப் பார்க்கிறேன் :-)