சந்தியும் லயமும்: பெரகலயிலிருந்து பார்த்த பிரதேச சபையின் கதை

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பெலிஹுல்ஓயா, ஹல்துமுல்லை என்று மலையேறி வரும் ஏ-4 நெடுஞ்சாலை பதுளை மாவட்டத்துப் பெரகலயில் இரண்டாகிறது. ஹப்புத்தளை, பண்டாரவளை, ஹாலிஎல பக்கம் ஏறிப் போவது ஏ-16. ஏ-4 கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்கி, கடைசியில் மட்டக்களப்பைச் சேர்கிறது. பதுளைக்குப் போகிறவரும் தெற்கே கதிர்காமத்துக்குப் போகிறவரும் இங்கே பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு தேநீர் குடிப்பார்கள். தேநீர்க் கடை, சில்லறைக் கடை, பழக்கடை, ஆட்டோ நிறுத்தம், டயர் ஒட்டும் கடை எல்லாம் அந்தப் பயணிகளை நம்பித்தான் இருக்கின்றன.

சந்தியில் கடை வைத்தவருக்குப் பிரதேச சபையைத் தெரியாமல் இருக்க முடியாது. வருடா வருடம் லைசன் புதுப்பிக்க வேண்டும், குப்பை அள்ள வேண்டும், தெருவிளக்கு எரிய வேண்டும். சந்திக்கு மேலும் கீழும் தேயிலைக்கு நடுவே லயங்கள் என்ற தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் வாழ்ந்தவர்களின் நிலை வேறு. அவர்கள் இருந்தது ஹல்துமுல்லைப் பிரதேச சபையின் எல்லைக்குள்தான். ஆனால் அந்தச் சபையால் அவர்கள் தொழிலுக்கும் பிழைப்புக்கும் என்ன கிடைத்தது என்று கேட்டால், நெடுங்காலம் சொல்வதற்கு அதிகம் இருக்கவில்லை. அந்த நெடுங்காலத்தை இந்தச் சிறப்பு மலரில் மறைத்துவிட்டு வாழ்த்து மட்டும் எழுதினால், அது நம் மலையகத் தமிழ் மக்களுக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

கதை பழையது. பிரித்தானியர் 1871இல் கிராமச் சபைகளுக்குச் சட்டம் செய்தார்கள். அந்தச் சபைகள் கிராமத்து மண்ணுக்கும் பாதைக்கும் உரியவை. தோட்டம் துரையின் ஆளுகை, அங்கே கிராமச் சபைக்கு வேலை இல்லை என்ற எண்ணம் அப்போதே வேரூன்றிவிட்டது. 1937இல் கிராமச் சபைச் சட்டம் திருத்தப்பட்டபோது, தோட்டங்களில் வசித்த இந்தியத் தொழிலாளருக்குக் கிராமச் சபை வாக்குரிமை மறுக்கப்பட்டது. பிறகு 1948இன் குடியுரிமைச் சட்டம் வந்தது. மறு வருடமே அவர்களுடைய நாடாளுமன்ற வாக்கும் போயிற்று. சபை என்ற சொல்லே நம் பாட்டன் பாட்டிக்கு அயலார் வீட்டு விவகாரமாக இருந்ததில் வியப்பில்லை.

கிராமச் சபைகளும் பட்டினச் சபைகளும் 1981இல் ஒழிக்கப்பட்டு, மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தன. அவை நிலைக்கவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பிறந்து, 1988 முதல் பிரதேச சபைகள் இயங்கத் தொடங்கின. முதல் தேர்தல் 1991இல் நடந்தது. இன்று பதுளை மாவட்டத்தில் பதுளை, பண்டாரவளை மாநகர சபைகள், ஹப்புத்தளை நகர சபை, அவற்றோடு 15 பிரதேச சபைகள் என 18 உள்ளூராட்சி மன்றங்கள் உள்ளன. ஹல்துமுல்லை அவற்றில் ஒன்று.

அந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவை நம் இளைஞர்கள் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். பாதை, வடிகால், சந்தை என்பவற்றோடு பின்தங்கிய கிராமங்களின் அபிவிருத்தி, வேலைவாய்ப்புத் திட்டங்கள், கிராமியப் பெண்களின் மேம்பாடு, ஏழைகளுக்கு நிவாரணம் ஆகியவையும் அங்கே வருகின்றன. மக்கள் தொழில் செய்து முன்னேற வழி காட்டும் அதிகாரம் சபைக்கு ஆரம்பத்திலிருந்தே உண்டு. தோட்டத்தின் எல்லைக் கல்லருகே வந்ததும் அந்த அதிகாரம் நின்றுவிட்டதுதான் நம் துயரம். தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் பணத்தைச் செலவிட 33ஆம் பிரிவு தடையாக நின்றது. தோட்டத்தார் வாக்களித்தார்கள், நம்மவர் சிலர் உறுப்பினராகவும் ஆனார்கள். அப்படி ஆனவர்கள்கூடத் தாம் பிறந்த லயத்துக்குச் சபை நிதியில் ஒரு பாதை போட முடியாமல் கைகட்டி நின்றார்கள். முப்பது வருடம் இப்படியே போயிற்று.

2018இல் இது மாறியது. தமிழ் முற்போக்குக் கூட்டணியினர் அரசில் இருந்த காலத்தில், பல வருடக் கோரிக்கையின் பலனாக, பிரதேச சபைகள் திருத்தச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. தோட்டக் குடியிருப்புகளுக்குப் பாதை, கிணறு, பொது வசதிகள் செய்து கொடுக்கச் சபைகளுக்கு வழி திறந்தது. நம் மக்களின் வரலாற்றில் குடியுரிமை தந்த 1988, 2003 சட்டங்களுக்கு அடுத்து வைக்கத் தக்க திருத்தம் இது என்பது என் துணிபு. ஆனால் அது வெளியே அவ்வளவாகப் பேசப்படவில்லை.

சிறுதொழிலுக்கு உதவி என்றால் நாம் உடனே கடனை நினைக்கிறோம். தோட்டத்தில் தொழில் தொடங்க நினைக்கும் ஒரு பெண்ணின் வழியில் கடனுக்கு முன்பே பல தடைகள் இருக்கின்றன. லயத்து அறையில் ரொட்டியும் வடையும் பலகாரமும் செய்து சந்தியில் விற்க விரும்புகிறாள் என்று வையுங்கள். உணவுத் தொழிலுக்குச் சபையின் லைசன் வேண்டும். அது டிசம்பர் 31 வரைதான் செல்லும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பீ.எச்.ஐ.) வந்து பார்ப்பார். தனிச் சமையலறை, சுத்தமான தண்ணீர், கழிவுநீர் போக வழி இருக்கிறதா என்று கேட்பார். அவர் கேட்பது நியாயமே, சாப்பிடுகிறவன் நோயாளியாகக் கூடாது. ஆனால் அந்த அறை அவளுடையதல்ல. காணி அரசுடையது. 1992இலிருந்து தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கையில். ஒரு சுவரை இடிக்கவும் தோட்டத்து அனுமதி வேண்டும். வியாபாரப் பெயரைப் பதியப் பிரதேச செயலகம் போனால் தொழில் நடக்கும் இடத்துக்குச் சான்று கேட்பார்கள். வங்கிக்குப் போனால் காணி உறுதி கேட்பார்கள். இவ்வளவையும் பார்த்து அவள் மறுபடி கொழுந்துக் கூடையைத் தூக்குகிறாள், அல்லது கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போகிறாள்.

இதில் காணிப் பிரச்சினையைச் சபையால் தீர்க்க முடியாது. தண்ணீர், பாதை, இடம் ஆகிய மூன்றையும் தீர்க்க முடியும். தோட்டத்துக்குள் குழாய் வந்தால் சமையலுக்கு வழி பிறக்கும். பாதை செப்பனிட்டால் ஆட்டோ மேலே வரும், பாலும் மரக்கறியும் பழுதாகாமல் கீழே போகும். சந்தியில் சபைக்கு உரிய இடத்தில் பொதுச் சமையல்கூடமும் சில சிறு கடைகளும் கட்டி, பெரிய கீ மணி (முற்பணம்) கேட்காமல் நாள் வாடகைக்கு விட்டால், முதல் இல்லாதவரும் வந்து நிற்கலாம். வாரச் சந்தையையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். சந்தையைக் குத்தகைக்கு விட்டால் சபைக்கு மொத்தமாகப் பணம் கிடைக்கும். குத்தகைக்காரர் அதை மீட்கத் தலைச்சுமையாகக் கீரை கொண்டு வருகிறவரிடமும் வசூலிப்பார். சிறு சுமைக்காரருக்கு விலக்கு என்று குத்தகை நிபந்தனையில் ஒரு வரி சேர்த்தால் போதும், சபைக்குப் பெரிய நட்டம் வராது.

மாட்டுப் பால் தோட்டத்தின் இரண்டாவது வருமானம். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது லயங்களோடு கோயிலும் கடைகளும் பால் சேகரிக்கும் நிலையமும் மண்ணுக்குள் போயின. அந்த மலைச்சரிவும் ஹல்துமுல்லைப் பிரிவில்தான். உயிர்களுக்கு ஈடில்லை. மிஞ்சியவர்களுக்கு வீடு கட்டுவது பற்றி நிறையப் பேசினோம். அவர்களுடைய கடையும் மாடும் கைத்தொழிலும் திரும்ப வரவேண்டும் என்று பேசியவர்கள் குறைவு. சரிவு அபாயம் உள்ள நம் பகுதியில், ஒவ்வொரு மீள்குடியேற்றத்திலும் பிழைப்புக்கான இடத்தையும் சேர்த்து வரைய வேண்டும் என்று சபை வற்புறுத்த வேண்டும்.

தொழிற்பயிற்சி சபையின் நேரடிப் பொறுப்பு அல்ல. தொழிற்பயிற்சி அதிகார சபை, தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை (நைட்டா) போன்ற மத்திய நிறுவனங்கள் அதைச் செய்கின்றன. சாதாரண தரத்தோடு நின்றுவிடும் நம் பிள்ளைகளுக்கு அவற்றுக்கு எங்கே, எப்போது விண்ணப்பிப்பது என்பது சரியாகத் தெரிவதில்லை. சபையின் நூலகத்தில் தமிழில் ஒரு அறிவிப்புப் பலகை வைக்கலாம், மாதம் ஒருநாள் பயிற்சி உத்தியோகத்தரை அழைத்து உட்காரவைக்கலாம். சிறு பாதை, வடிகால் வேலைகளைக் கிராம அபிவிருத்திச் சங்கம் போன்ற ஊர் அமைப்புகளுக்கே ஒப்பந்தமாகத் தரும் வழக்கமும் நாட்டில் உண்டு. தோட்டத்துச் சங்கங்களுக்கும் அது கிடைத்தால் மேசன் வேலை பழகும் பையன் சொந்தத் தோட்டத்திலேயே கைபழகிக் கூலியும் பெறுவான்.

கடல் தாண்டிக் கேரளத்து மூணாறைப் பார்க்கலாம். அங்கும் தேயிலை, அங்கும் லயம், அங்கும் தமிழர். கேரளம் 1996இல் மக்கள் திட்டத்தைத் தொடங்கி, திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளூராட்சிகளுக்குக் கொடுத்தது. 1998இல் குடும்பஸ்ரீ பிறந்து, அயல்கூட்டங்களாகச் சேர்ந்த பெண்கள் பஞ்சாயத்தின் துணையோடு உணவகமும் தையலும் காய்கறி வேளாண்மையும் நடத்துகிறார்கள். பணமும் பெண்களின் அமைப்பும் சபையும் ஒரே இடத்தில் சேர்ந்ததுதான் அங்கே நடந்தது.

நமக்கும் வாய்ப்புகள் வந்தன. உலக வங்கியின் உதவியோடு வந்த உள்ளூர் அபிவிருத்தி ஆதரவுத் திட்டத்தில் வடக்கு, கிழக்கு, வடமத்திய மாகாணங்களோடு ஊவாவும் சேர்க்கப்பட்டது. கண்டி ஹந்தானையில் தொடங்கும் 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பீக்கோ நடைபாதை ஹப்புத்தளையைத் தொட்டுப் போகிறது. நடந்து வருகிறவர்கள் தோட்டத்தின் ஊடாகத்தான் வருகிறார்கள். ஆனால் 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6ஆம் திகதித் தேர்தல் வரை மக்கள் பிரதிநிதிகள் இல்லாமல் செயலாளர்களே சபைகளை நடத்தினார்கள். 2022இன் பொருளாதார நெருக்கடியில் கடை மூடியவர்கள் மீண்டும் திறக்கத் துணை தேடிய அதே காலம் அது.

இப்போது சபை கூடுகிறது. வரவு செலவுத் திட்டம் ஒவ்வொரு வருடக் கடைசியிலும் சபைக்கு வருகிறது. அதற்கு முன் பொதுமக்கள் அதைப் பார்வையிடலாம். சபையின் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊர்மக்களைச் சேர்க்கவும் சட்டம் இடம் தருகிறது. பெரகல சந்தியின் ஒரு கடைக்காரர், ஆட்டோ சங்கத்தில் ஒருவர், தோட்டத்தில் தைத்துப் பிழைக்கும் ஒரு பெண், மாடு வளர்க்கும் ஒருவர், பயிற்சி முடித்து வேலை தேடும் ஓர் இளைஞர் என ஐந்து பேரை அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன் தொழிலுக்கான ஒரு குழுவில் உட்காரவைக்கும்படி ஹல்துமுல்லைச் சபையின் தவிசாளரையும் உறுப்பினர்களையும் இம்மலர் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்.