உடல் பிடித்துவிடுதல்

உடல் பிடித்துவிடுதல் அல்லது மசாஜ் என்பது, வலியைத் தணிக்கவும் உடலைத் தளர்த்தவும் தோலையும் அதன் அடியிலுள்ள தசை, தசைநாண் முதலியவற்றையும் அழுத்தியும் நீவியும் பிசைந்தும் தட்டியும் செய்யப்படும் ஒரு சிகிச்சை முறையாகும். பெரும்பாலும் கைகளே இதற்குப் பயன்படுகின்றன. சில மரபுகளில் முழங்கை, முழங்கால், பாதம் ஆகியவற்றாலும் அழுத்துவதுண்டு. எண்ணெய் இட்டும் இடாமலும் இதனைச் செய்யலாம். தமிழில் பிடித்துவிடுதல், அமுக்கிவிடுதல், உருவிவிடுதல், நீவுதல் எனச் செயலுக்கேற்பத் தனித்தனிச் சொற்கள் வழங்குகின்றன. சித்த மருத்துவத்தில் இது தொக்கணம் எனப்படும்.

சிலவகை வலிகளை இம்முறை குறுகிய காலத்திற்குக் குறைக்கிறது என்பதற்குச் சான்றுகள் உள்ளன. உடலின் நச்சுகளை வெளியேற்றுகிறது, நாட்பட்ட நோய்களைக் குணப்படுத்துகிறது என்று விளம்பரங்களில் கூறப்படுவனவற்றுக்கு அத்தகைய சான்றுகள் இல்லை. இவ்விரண்டும் ஒன்றாகக் கலந்தே பேசப்படுவதால், எது நிறுவப்பட்டது, எது நம்பிக்கை என்று பிரித்து அறிவது தேவையாகிறது.

வரலாறு

வலிக்கும் இடத்தைத் தேய்த்துக்கொள்வது மனிதருக்கு இயல்பான செயல் என்பதால், இம்முறை தோன்றிய இடம் இன்னது என்று கூற இயலாது. ஆயுர்வேதத்தில் எண்ணெய் தேய்த்தல் அன்றாட ஒழுக்கங்களுள் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. பண்டைய சீன, கிரேக்க மருத்துவ நூல்களிலும் தேய்த்தல் பற்றிய குறிப்புகள் உள்ளன. தாய்லாந்தின் பாங்காக் நகரிலுள்ள வாட் போ கோவிலில் 1830களில் மூன்றாம் ராமா மன்னர் காலத்தில் பதிக்கப்பட்ட கல்வெட்டுகள், அழுத்த வேண்டிய புள்ளிகளை மனித உருவப் படங்களுடன் காட்டுகின்றன. தாய்லாந்து முறையை யுனெஸ்கோ 2019ஆம் ஆண்டில் மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

தலைக்குப் போடும் ஷாம்புவுக்கும் இக்கலைக்கும் உள்ள உறவு பலர் அறியாதது. அழுத்து, பிசை என்னும் பொருள்படும் இந்திச் சொல்லிலிருந்து பிறந்ததே 'ஷாம்பு' என்னும் ஆங்கிலச் சொல். பாட்னாவில் 1759இல் பிறந்த சேக் தீன் முகமது என்பவர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலுடன் உடல் பிடித்துவிடும் நிலையம் ஒன்றை நடத்தினார். அங்கு அச்சிகிச்சைக்கு 'ஷாம்பூயிங்' என்றே பெயர். மூட்டுவலி, வாதநோய் உடையோர் அவரை நாடிச் சென்றனர். நான்காம் ஜார்ஜ் மன்னருக்கும் அவரே இச்சிகிச்சையாளராக அமர்த்தப்பட்டார். சொல்லின் பொருள் பின்னரே தலைமுடி கழுவுவதற்குச் சுருங்கியது.

இன்று உலகெங்கும் பரவலாகக் கற்பிக்கப்படும் முறை சுவீடிய மசாஜ் எனப்படுகிறது. இதனை உருவாக்கியவர் சுவீடனைச் சேர்ந்த பெர் ஹென்ரிக் லிங் (1776–1839) என்று பல நூல்கள் எழுதுகின்றன. இது முழுவதும் சரியன்று. லிங் 1813இல் ஸ்டாக்ஹோம் நகரில் உடற்பயிற்சிக் கழகம் ஒன்றை நிறுவி, மருத்துவ உடற்பயிற்சியைப் பரப்பியவர். நீவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல் என்னும் வகைப்பாட்டை நிலைபெறச் செய்தவர் நெதர்லாந்து மருத்துவரான யோகான் கியோர்க் மெட்ஸ்கர் (1838–1909) ஆவார். சுவீடனில் இதனைச் 'சுவீடிய' என்று அழைக்கும் வழக்கமும் இல்லை. அங்கு இது செவ்வியல் மசாஜ் என்றே பெயர் பெறும்.

பிரித்தானியாவில் மசாஜ் நிலையம் என்ற பெயரில் பாலியல் தொழில் நடப்பதாக எழுந்த சர்ச்சையை அடுத்து, தொழிலின் நற்பெயரைக் காக்க 1894இல் நான்கு செவிலியர் ஒரு சங்கம் தொடங்கினர். தேர்வும் சான்றிதழும் நடத்தை விதிகளும் கொண்ட அச்சங்கமே வளர்ந்து இன்று அந்நாட்டின் இயன்முறை மருத்துவர்களின் அமைப்பாக உள்ளது. முதலாம் உலகப்போரில் காயமுற்ற வீரர்களுக்கு இத்தகைய பயிற்சி பெற்ற பெண்கள் பெருமளவில் சிகிச்சை அளித்தனர். இயன்முறை மருத்துவம் என்னும் துறை ஒருவகையில் இக்கலையின் வழித்தோன்றலே எனலாம்.

பார்வையற்றோரும் இத்தொழிலும்

ஆசிய நாடுகள் சிலவற்றில் இத்தொழில் பார்வையற்றோரின் வாழ்வாதாரமாக விளங்குகிறது. ஜப்பானில் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சுகியாமா வாய்ச்சி என்னும் பார்வையற்ற மருத்துவர், குத்தூசி மருத்துவத்தையும் 'அன்மா' என்னும் பிடித்துவிடும் முறையையும் பார்வையற்றோருக்குக் கற்பிக்கும் பள்ளிகளை ஏற்படுத்தினார்.

தென்கொரியாவில் பார்வைக் குறைபாடு உடையோர் மட்டுமே மசாஜ் உரிமம் பெறலாம் என்னும் விதி இருந்துவந்தது. தொழில் செய்யும் உரிமையைப் பறிப்பதாகப் பிறர் தொடுத்த வழக்கில், 2006 மே மாதத்தில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அவ்விதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. வேறு பிழைப்பு அறியாத பார்வையற்றோர் சியோல் நகரின் பாலத்திலிருந்து ஹான் ஆற்றில் குதித்துப் போராடினர், உயிரிழப்புகளும் நேர்ந்தன. அதே ஆண்டிலேயே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அவ்வுரிமையை மீட்டளித்தது. 2008இல் நீதிமன்றமும் திருத்தப்பட்ட சட்டத்தை ஏற்றுக்கொண்டது. தொழிற்சுதந்திரம், நலிந்தோர் பாதுகாப்பு ஆகிய இரண்டும் நேருக்குநேர் மோதிய வழக்கு என்பதால் சட்டம் பயில்வோரும் இதனைப் படிப்பதுண்டு.

தமிழர் மிகுதியாக வாழும் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியிலும் பார்வையற்றோர் நடத்தும் மசாஜ் நிலையங்கள் பல உள்ளன. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அப்பகுதியில் அமைந்திருப்பதே இதற்குக் காரணம்.

தொக்கணம்

சித்த மருத்துவம் புற மருத்துவ முறைகளை முப்பத்திரண்டு என வகுக்கிறது. அவற்றுள் ஒன்று தொக்கணம். இது தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என ஒன்பது வகைப்படும். இவ்வகைப்பாட்டில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. மெட்ஸ்கரின் வகைகள் பெரும்பாலும் தசையின் மேல் கை செய்யும் செயல்களைக் குறிப்பன. தொக்கணத்திலோ கை கால்களை இழுத்தல், அசைத்தல் போன்ற மூட்டு இயக்கங்களும் சேர்ந்துள்ளன. இன்றைய இயன்முறை மருத்துவர் தனியே செய்யும் மூட்டு அசைவுப் பயிற்சிகளை இவற்றோடு ஒப்பிடலாம். வாத நோய்களுக்கு மருந்தெண்ணெய்களுடன் தொக்கணம் செய்யப்படுகிறது. வர்மப் புள்ளிகளைத் தூண்டும் வர்ம மருத்துவம் இதனோடு நெருங்கிய தொடர்புடையது. எனினும் அது தனித்த முறையாகவே பயிலப்படுகிறது.

வலி எவ்வாறு குறைகிறது

முழங்கால் மேசையில் இடித்துக்கொண்டால் கை தானாகவே அவ்விடத்தைத் தேய்க்கிறது. தேய்த்தவுடன் வலி சற்றுக் குறைவதையும் அனைவரும் உணர்ந்திருப்பர். இதற்கு ஒரு விளக்கத்தை 1965இல் ரொனால்டு மெல்சாக், பேட்ரிக் வால் ஆகிய இருவரும் முன்வைத்தனர். தொடுவுணர்வைக் கொண்டுசெல்லும் தடித்த நரம்பிழைகளும் வலியைக் கொண்டுசெல்லும் மெல்லிய நரம்பிழைகளும் தண்டுவடத்தில் ஒரே பகுதியை வந்தடைகின்றன. அங்கு ஒரு வாயிற்கதவு இருப்பதாகக் கொள்ளலாம். தொடுவுணர்வுச் சைகைகள் மிகுந்தால் கதவு ஓரளவு மூடி, வலிச் சைகைகள் மூளைக்குச் செல்வதைக் கட்டுப்படுத்துகிறது. வாயில் கட்டுப்பாட்டுக் கோட்பாடு எனப்படும் இக்கருத்தின் நுணுக்கங்கள் பின்னர்ப் பெரிதும் திருத்தப்பட்டன. ஆயினும் தண்டுவடத்திலேயே வலி மட்டுப்படுத்தப்படுகிறது என்னும் அடிப்படை நிலைத்து நிற்கிறது.

மற்றொரு வழியும் உண்டு. மயிர் முளைக்கும் தோலில், மென்மையாக வருடும்போது மட்டும் நன்கு தூண்டப்படும் தனிவகை நரம்பிழைகள் உள்ளன. நொடிக்கு ஏறத்தாழ 1 முதல் 10 செ.மீ. வேகத்தில், உடற்சூட்டில் உள்ள கை நகரும்போது இவை மிகுதியாகச் செயல்படுகின்றன. இவற்றின் சைகைகள், தொட்ட இடம் எது என்று கணிக்கும் மூளைப் பகுதியைவிட, உடலின் உள்நிலையையும் உணர்ச்சியையும் சார்ந்த பகுதியையே பெரிதும் சென்றடைகின்றன. அழும் குழந்தையைத் தாய் தடவிக்கொடுக்கும் வேகமும் ஏறத்தாழ இதுவே.

இனி, தவறான விளக்கம் ஒன்றையும் கூற வேண்டும். உடற்பயிற்சியின்போது தசையில் தேங்கும் லாக்டிக் அமிலத்தை மசாஜ் வெளியேற்றுகிறது என்பது விளையாட்டுப் பயிற்சியாளர்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் கருத்து. லாக்டேட் பயிற்சி முடிந்த ஒரு மணிநேர அளவிலேயே தானாகக் குறைந்துவிடும். மறுநாள் தோன்றும் தசைவலிக்கு அது காரணமும் அன்று. கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்து 2010இல் வெளியான ஆய்வு, மசாஜ் செய்கையில் தசைக்குச் செல்லும் குருதியோட்டம் தடைப்பட்டு, அவ்வமிலம் நீங்குவது தாமதமாவதைக் கண்டது.

அதே நாட்டின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2012இல் வெளியிட்ட ஆய்வு எளிமையான வடிவம் கொண்டது. 11 இளைஞர்கள் களைத்து ஓயும்வரை மிதிவண்டிப் பயிற்சி செய்தனர். பின்னர் ஒவ்வொருவருக்கும் ஒரு காலுக்கு மட்டும் 10 நிமிடம் மசாஜ் அளிக்கப்பட்டது. இரு கால்களிலிருந்தும் சிறு தசைத்துணுக்குகள் எடுத்து ஒப்பிடப்பட்டன. ஒரே மனிதரின் மறு காலே ஒப்பீட்டுக்கு நின்றதால் வயது, உணவு, உடல்வாகு போன்ற வேறுபாடுகள் குறுக்கிடவில்லை. லாக்டேட் அளவில் மாற்றம் இல்லை. ஆனால் மசாஜ் பெற்ற காலில் அழற்சியைத் தூண்டும் சைகைகள் குறைந்திருந்தன. பங்கேற்றோர் 11 பேர் மட்டுமே என்பதையும் மறக்கலாகாது.

சான்றுகள்

மிகுதியாக ஆராயப்பட்டது கீழ்முதுகு வலியாகும். அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் நாட்பட்ட முதுகுவலி கொண்ட 401 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2011இல் வெளியானது. ஒரு குழுவினருக்குத் தசைகளைக் குறிவைத்த மசாஜும், மற்றொரு குழுவினருக்கு உடலைத் தளர்த்தும் பொது மசாஜும் வாரம் ஒருமுறையாகப் பத்து வாரங்கள் அளிக்கப்பட்டன. மூன்றாம் குழுவினர் தங்கள் வழக்கமான சிகிச்சையைத் தொடர்ந்தனர். பத்து வாரங்களின் முடிவில் மசாஜ் பெற்ற இரு குழுவினருமே மூன்றாம் குழுவினரைவிட நன்கு நடமாடினர். ஓராண்டுக்குப் பின் இவ்வேறுபாடு சிறிதாகிவிட்டது. இரு மசாஜ் முறைகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை என்பதே இதில் சுவையான செய்தி. தனிப்பெயர் சூட்டி, கூடுதல் கட்டணம் பெறும் சிறப்பு முறைகளை மதிப்பிட விரும்புவோர் இதனைக் கருத்திற்கொள்ளலாம்.

அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், புதிதாகத் தோன்றிய முதுகுவலிக்கு மாத்திரைக்கு முன்னர் முயலக்கூடியவற்றுள் ஒத்தடத்துடன் மசாஜையும் சேர்த்தது. உலக நலவாழ்வு நிறுவனம் 2023இல் வெளியிட்ட நாட்பட்ட முதுகுவலிக்கான வழிகாட்டுதலிலும் இது இடம்பெற்றது. எனினும் இவ்விரு பரிந்துரைகளும் வலிமை குறைந்த சான்றுகளையே சார்ந்தவை. பல்வேறு வலிகளுக்கான மதிப்பாய்வுகளைத் தொகுத்து 2024இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், உயர் உறுதி என்று தரமிடத்தக்க முடிவு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை; நடுத்தர உறுதி பெற்றவையும் சிலவே.

இதற்கு அடிப்படையான காரணம் ஒன்றுண்டு. மருந்தை ஆராயும்போது மருந்தற்ற வெறும் மாத்திரையைக் கொடுத்து ஒப்பிடலாம். வெறும் மசாஜ் என்று ஒன்றைக் கொடுக்க இயலாது. தம்மை ஒருவர் தொடுகிறார் என்பது நோயாளிக்குத் தெரிந்தே இருக்கும். தாம் எதைச் செய்கிறோம் என்பது செய்பவருக்கும் தெரியும். எதிர்பார்ப்பு, ஓய்வு, மற்றொருவரின் கவனிப்பு ஆகியவற்றால் விளையும் நன்மையைக் கையழுத்தத்தின் நன்மையிலிருந்து பிரித்தெடுப்பது கடினம்.

அவ்வாறு பிரிக்க முயன்ற ஆய்வு ஒன்று 2008இல் வெளியானது. முற்றிய புற்றுநோயுடன் பெரும்பாலும் இறுதிக்காலப் பராமரிப்பில் இருந்த 380 பேரில் ஒரு பாதியினருக்கு அரைமணிநேர மசாஜ் அளிக்கப்பட்டது. மறுபாதியினருக்கு அதே நேர அளவில், உடலின் சில இடங்களில் கையை வெறுமனே வைத்திருந்தனர். சிகிச்சை முடிந்தவுடன் வலியும் மனநிலையும் மசாஜ் பெற்றோருக்கே கூடுதலாக மேம்பட்டன. ஆனால் நாட்கணக்கில் பார்த்தபோது இரு குழுவினருக்கும் இடையே வேறுபாடு இல்லை. இதனை மசாஜின் தோல்வி என்று கொள்வாரும் உளர். வலியோடு வாழும் ஒருவருக்கு வலி குறைந்த ஒரு மணிநேரமும் சிறிதன்று என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

குறைமாதக் குழந்தைகள் பற்றி டிஃபனி ஃபீல்டு குழுவினர் 1986இல் வெளியிட்ட ஆய்வும் புகழ்பெற்றது. நாளுக்கு மூன்று முறை 15 நிமிடம் வருடலும் கை கால் அசைவும் பெற்ற குழந்தைகளின் அன்றாட எடைப்பெருக்கம், அதே அளவு பால் உண்ட ஏனைய குழந்தைகளைவிட 47% மிகுதியாக இருந்தது. பின்வந்த மதிப்பாய்வுகள் இத்துறை ஆய்வுகளின் தரம் குறித்து ஐயம் எழுப்பியுள்ளன.

தவிர்க்க வேண்டிய நிலைகள்

முறையாகச் செய்யப்படும் மசாஜால் கடுந்தீங்கு நேர்வது அரிது. அழுத்திய இடத்தில் ஓரிரு நாள் வலி, கன்றிப்போதல் ஆகியவையே பொதுவாகக் காணப்படுவன. காய்ச்சல், தோல்தொற்று, ஆறாப்புண், தீக்காயம், எலும்புமுறிவு உள்ள இடங்களில் செய்தலாகாது. எலும்பு மெலிவு உடையோருக்கும், குருதி உறையாமல் இருக்க மருந்து உட்கொள்வோருக்கும் வலிந்து அழுத்துதல் கூடாது. புற்றுநோயாளிகளும் கருவுற்ற பெண்களும் தங்கள் மருத்துவரிடம் கேட்ட பின்னரே செய்துகொள்ள வேண்டும்.

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் வலியும் சூடும் இருப்பின் ஆழ்சிரையில் குருதி உறைந்திருக்கக்கூடும். இதனைத் தசைப்பிடிப்பு என்று கருதி உருவிவிட்டால், உறைகட்டி பெயர்ந்து நுரையீரல் தமனியை அடைத்து உயிருக்கே ஆபத்து விளையலாம். முடிதிருத்தகங்களில் தலைமசாஜ் செய்து இறுதியில் கழுத்தைச் சட்டெனத் திருப்பி நெட்டி முறிக்கும் வழக்கமும் இடர் உடையது. இதனால் கழுத்தெலும்புகளின் வழியே செல்லும் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் ஏற்படலாம். இளவயதினரும் இதற்கு விலக்கல்லர். முதுகுவலியுடன் கால் மரத்துப்போதல், கால் வலுவிழத்தல், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போதல் ஆகியவை இருப்பின் தண்டுவட நரம்புகள் நசுங்கியிருக்க வாய்ப்புண்டு. அந்நிலையில் எந்தப் பிடித்துவிடலும் பயன்தராது. சில மணிநேரத் தாமதமும் நிலையான ஊனத்தை விளைவிக்கக்கூடும் என்பதால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.